கல்வராயன் மலைக் குளிர்ல மைனிங் கம்ப்யூட்டர் வெச்சா லாபம் வருமா? புராசசர் முதல் வரி வரை முழுக் கணக்கு



போன மாசம் கள்ளக்குறிச்சியில சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் சித்தி பையன் ஒரு நோட்டோட வந்து பக்கத்துல உட்கார்ந்தான். "அக்கா, ஒரு சின்ன டவுட்." இவன் சின்ன டவுட்னு ஆரம்பிச்சா அது பெருசாத்தான் இருக்கும்.

வயசு 25. ஐடி கம்பெனி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 36,000 ரூபாய். ரெண்டு வருஷமா மாசம் 5,000 ரூபாய் ஆர்டி போட்டு 1,20,000 சேர்த்திருக்கான். அதை எடுத்து ரைசன் 9 புராசசர் போட்ட கம்ப்யூட்டர் வாங்கி, கல்வராயன் மலையில வெள்ளிமலை பக்கம் இருக்கிற ஃப்ரெண்ட் வீட்ல வெச்சு, 24 மணி நேரமும் கிரிப்டோ மைனிங் ஓட்டணும்கிறது ஐயாவோட பிளான். "மேல நல்லா குளிரு, ஏசி செலவே கிடையாது. மாசம் ரெண்டாயிரம் வந்தாக்கூட லாபம்தானேக்கா?"

நான் சிரிக்கலை. ஏன்னா நோட்டுல பையன் உண்மையிலேயே உழைச்சிருந்தான். எந்த புராசசர், எத்தனை கோர், எவ்வளவு கேஷ், எல்லாம் எழுதி வெச்சிருந்தான். ஆனா ரெண்டு வரி விட்டுப்போச்சு: கரண்ட் பில், வருமான வரி. இந்தக் கேள்வி கமெண்ட்லயும் அடிக்கடி வருது. அதனால அன்னிக்கு அவன்கூட உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே உங்களுக்கும் போட்டுக் காட்டுறேன்.

எல்லா புராசசரும் மைனிங்குக்கு ஒண்ணு கிடையாது

மைனிங்னா என்ன? கம்ப்யூட்டர் ஒரு கணக்கைத் திரும்பத் திரும்ப, எண்ணை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கும். சரியான விடை யாருக்குக் கிடைக்குதோ அவங்களுக்குப் புது காயின் பரிசு. ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை முயற்சி பண்றோம்கிறதுதான் ஹாஷ்ரேட். லாட்டரிச் சீட்டு மாதிரி நினைச்சுக்குங்க. ஹாஷ்ரேட் அதிகம்னா கையில சீட்டு அதிகம்.

2009-ல பிட்காயின் ஆரம்பிச்சப்போ சாதாரண வீட்டு கம்ப்யூட்டர்லயே மைனிங் பண்ணாங்க. 2010-ல கிராஃபிக்ஸ் கார்டு வந்துச்சு. 2013-ல ஏசிக்னு தனி மெஷினே வந்துடுச்சு. அதோட வீட்டு புராசசர் கதை முடிஞ்சுது.

காரணம் சிம்பிள். பிட்காயின்ல போடுற எஸ்எச்ஏ-256 கணக்கு ரொம்ப நேரானது, எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். நம்ம மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையை யோசிங்க. அங்க கரும்பு மட்டும்தான் பிழிய முடியும், ஆனா டன் கணக்குல பிழியும். வீட்டு மிக்ஸியில சட்னி, மாவு, ஜூஸ் எல்லாம் போடலாம், ஆனா அதை வெச்சு ஆலையோட போட்டி போட முடியுமா? ஆன்ட்மைனர் எஸ்19 புரோ மாதிரி ஒரு ஏசிக் மெஷின் செகண்டுக்கு சுமார் 110 லட்சம் கோடி ஹாஷ் போடும். நம்ம புராசசர் அதே கணக்கைச் சில கோடி தடவைதான் போடும். வீட்டு கம்ப்யூட்டர்ல தனியா பிட்காயின் மைனிங் பண்ணா ஒரு பிளாக் கிடைக்கக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். மிகைப்படுத்திச் சொல்லலை, வகுத்துப் பார்த்தா வர்ற விடையே அதுதான்.

அப்போ புராசசர் எங்கே ஜெயிக்குது?

மோனேரோன்னு ஒரு காயின் இருக்கு. ஏசிக் மெஷின்கள் ஆதிக்கம் வரக்கூடாதுன்னு அவங்க 2019 நவம்பர்ல ரேண்டம்எக்ஸ்னு ஒரு முறைக்கு மாறினாங்க. இதுல ஒவ்வொரு முறையும் கணக்கே மாறும். ஒரு தடவை கூட்டல், அடுத்து தசமப் பெருக்கல், அடுத்து 'இப்படி இருந்தா அந்தப் பக்கம் போ'ன்னு ஒரு கட்டளை. ஒரே வேலை மட்டும் தெரிஞ்ச மெஷின் இங்க திணறும். எல்லா வேலையும் தெரிஞ்ச புராசசருக்கு இதுதான் சொந்த மைதானம்.

அதுலயும் முக்கியமான விஷயம் எல்3 கேஷ். வெள்ளிமலையில ஒரு மளிகைக் கடை இருக்குன்னு வெச்சுக்குங்க. கேட்ட சாமான் கடை அலமாரியில இருந்தா கையை நீட்டி எடுத்துடலாம். இல்லைன்னா மலை இறங்கி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி போய் வாங்கிட்டு வரணும். அந்த அலமாரிதான் கேஷ். கள்ளக்குறிச்சி மொத்தக் கடைதான் ரேம். ரேண்டம்எக்ஸ் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 2 எம்பி அலமாரி கேட்கும். கேஷ் பத்தலைன்னா ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி ஏற வேண்டியதுதான், வேகம் விழுந்துடும்.

இப்போ இந்தக் கணக்கைப் பாருங்க:

- ரைசன் 9 5950எக்ஸ்: 16 கோர், 32 த்ரெட், எல்3 கேஷ் 64 எம்பி. 32 × 2 = 64. அச்சா பொருந்துது.
- ரைசன் 5 5600: 12 த்ரெட், 32 எம்பி. தேவை 24 எம்பிதான், தாராளம்.
- ரைசன் 5 5600ஜி: அதே 12 த்ரெட், ஆனா கேஷ் 16 எம்பி. 8 த்ரெட்டுக்குத்தான் முழு அலமாரி கிடைக்கும். பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம்!
- இன்டெல் கோர் ஐ5-12400: 12 த்ரெட், 18 எம்பி. 9 த்ரெட்டோட நின்னுடும்.
- ரைசன் 7 5800எக்ஸ்3டி: 16 த்ரெட், 96 எம்பி. தேவை 32 எம்பிதான். மீதி அலமாரி மைனிங்குக்குச் சும்மா கிடக்கும். கேமிங்குக்குக் கொடுத்த காசு அது.

இது தவிர மூணு விஷயம் உண்டு. ஒண்ணு, ஏஇஎஸ் கட்டளைகள் சிப்புக்குள்ளேயே இருக்கணும். ரொம்பப் பழைய புராசசர் இங்கேயே அடிபடும். ரெண்டு, 2 ஜிபிக்கு மேல ஒரு தரவுத்தொகுப்பு ரேம்ல உட்காரும். அதனால ஒரே ரேம் ஸ்டிக்கைவிட ரெண்டு ஸ்டிக் நல்லது. மூணாவதுதான் நம்ம சப்ஜெக்ட்: ஒரு வாட் கரண்டுக்கு எத்தனை ஹாஷ்? மைனிங்ல வேகமான புராசசர் நல்ல புராசசர் கிடையாது. குறைஞ்ச கரண்ட்ல அதே வேலையை முடிக்கிறதுதான் நல்ல புராசசர்.

சரி, புராசசர் பாடம் முடிஞ்சுது. இதுவரைக்கும் பையன் நோட்டுல எல்லாம் சரி. இனிமேதான் அதுல இல்லாத ரெண்டு வரி.

விடுபட்ட முதல் வரி: கரண்ட் பில்

ரைசன் 9 5950எக்ஸ் செகண்டுக்கு 16,000 ஹாஷ் போடுதுன்னு எடுத்துக்குவோம். மொத்த கம்ப்யூட்டரும் சுவர்ல இருந்து 200 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 4.8 யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 288 யூனிட்.

வருமானம்? மோனேரோவில் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பிளாக், ஒரு பிளாக்குக்குப் பரிசு 0.6 காயின். அதாவது உலகம் பூரா சேர்த்து ஒரு நாளைக்கு 432 காயின்தான். அதை எல்லா மைனர்களும் ஹாஷ்ரேட் விகிதத்துல பங்கு போட்டுக்கணும். மொத்த நெட்வொர்க் செகண்டுக்கு 500 கோடி ஹாஷ், ஒரு காயின் விலை 25,000 ரூபாய்னு கணக்குக்காக வெச்சுக்குவோம். ரெண்டுமே தினம் மாறும், நீங்க படிக்கிற நாள்ல இருக்கிற எண்ணைப் போட்டுக்குங்க.

16,000-ஐ 500 கோடியால வகுத்து 432-ஆல பெருக்கினா ஒரு நாளைக்கு 0.00138 காயின். 60 நாளைக்கு 0.083 காயின், சுமார் 2,075 ரூபாய். பூல் கட்டணம் 1% போக 2,050 ரூபாய். ஒரு மாசத்துக்கு இல்லீங்க, ரெண்டு மாசத்துக்கு!

இப்போ பில். தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2024 ஜூலை பட்டியல்படி 401 முதல் 500 யூனிட் வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65. மைனிங் கம்ப்யூட்டர் இழுக்கிற 288 யூனிட் எப்பவும் உங்க வீட்டுச் செலவுக்கு மேல போய்த்தான் உட்காரும். அதனால உயர்ந்த படியோட ரேட்டுதான் அதுக்கு விழும்.

- கள்ளக்குறிச்சி வீடு, ஏற்கனவே 400 யூனிட் ஓடுது: மைனிங்கோட 688. கூடுதல் செலவு சுமார் 2,600 ரூபாய். வருமானம் 2,050. ஆக 550 ரூபாய் நஷ்டம்.
- மலை மேல ஃப்ரெண்ட் வீடு, 200 யூனிட்தான் ஓடுது: மைனிங்கோட 488. கூடுதல் செலவு சுமார் 1,500 ரூபாய். ஆக 550 ரூபாய் மிச்சம்.

"பாத்தீங்களாக்கா, மலை ஜெயிச்சிடுச்சு!"ன்னான். ஆனா ஜெயிச்சது குளிர் இல்லை. கல்வராயன் மலை 2,000 முதல் 3,000 அடி உயரம், குளிர் உண்மைதான். ஃபேன் கொஞ்சம் மெதுவா சுத்தும், சிப் சூடாகித் தானா வேகத்தைக் குறைக்காது. ஆனா 200 வாட் கணக்கு பெருசா குறையாது. அங்க உதவினது ஃப்ரெண்ட் குடும்பம் கரண்டைக் குறைவா செலவு பண்றதுதான். அவங்களோட மலிவான படிக்கட்டை நாம எடுத்துக்கிறோம், அவ்வளவுதான்.

விடுபட்ட ரெண்டாவது வரி: வருமான வரி

இங்கதான் பல பேர் மாட்டுறாங்க. கொஞ்சம் நிதானமா படிங்க.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோவை வித்து வர்ற வருமானத்துக்கு நேரா 30% வரி, அதுக்கு மேல 4% செஸ். மொத்தம் 31.2%. பழைய சட்டத்துல இது பிரிவு 115பிபிஎச். புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்து பிரிவு எண் மாறினாலும் இந்த 30% மாறலை. வாங்கின விலையைத் தவிர வேற எந்தச் செலவையும் கழிக்க முடியாது. வேற எந்த வருமானத்தோட நஷ்டத்தையும் இதுல சேர்க்க முடியாது, இதோட நஷ்டத்தையும் வேற எதுலயும் கழிக்க முடியாது.

மைனிங் பண்றவங்களுக்கு வாங்கின விலைன்னா என்ன? கம்ப்யூட்டர் விலையா, கரண்ட் பில்லா? 2022 மார்ச்ல நாடாளுமன்றத்துலயே மத்திய அரசு பதில் சொல்லிடுச்சு: மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை வாங்கின விலையா எடுத்துக்க முடியாது. கரண்ட் பில்லும் கழிக்க அனுமதிச்ச செலவுல வராது. அதாவது உங்க காயினோட அடக்க விலை பூஜ்யம். வித்த தொகை முழுசுக்கும் வரி. இது போதாதுன்னு, காயின் கைக்கு வர்ற அன்னைக்கே அதன் மதிப்பை வருமானமா காட்டணும்னு சொல்ற ஆடிட்டர்களும் இருக்காங்க.

திரும்ப நம்ம கணக்குக்கு வருவோம். 2,050 ரூபாய்க்கு 31.2% வரி, 640 ரூபாய்.

- கள்ளக்குறிச்சி வீடு: 550 நஷ்டம், அதுக்கு மேல 640 வரி. மொத்த நஷ்டம் 1,190 ரூபாய்.
- மலை வீடு: 550 மிச்சத்துல 640 வரி. 90 ரூபாய் நஷ்டம்.

நஷ்டப்பட்டவனும் வரி கட்டணும்! வேற தொழில்ல செலவு போக மிஞ்சினதுக்குத்தான் வரி. இங்க மொத்த வரவுக்கும் வரி.

பையன் விடலை. "என் சம்பளத்துக்கு வரியே வராதேக்கா, 12 லட்சம் வரைக்கும் ஃப்ரீதானே?" நல்ல கேள்வி. புது முறையில 12 லட்சம் வரை வரி வராததுக்குக் காரணம் பழைய சட்டத்துல 87ஏன்னு இருந்த தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி இந்த மாதிரி தனி விகித வருமானத்துக்குக் கிடையாது. சம்பளத்துக்கு ஒரு ரூபாய் வரி கட்டாதவரும் கிரிப்டோவுக்கு 31.2% கட்டணும். விற்கும்போது 1% டிடிஎஸ் தனியா பிடிப்பாங்க. அது முன்பணம்தான், ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா பிடிச்சாச்சுன்னா உங்க பான் நம்பர்ல பதிவாகிடும். 'சின்னத் தொகைதானே, காட்ட வேணாம்'னு விட்டுடாதீங்க.

இன்னொரு சிக்கல், மோனேரோவை எங்க விக்கிறது? பரிவர்த்தனையை மறைக்கிற காயின்கிறதால பெரிய எக்ஸ்சேஞ்சுகள் ஒதுக்கி வைக்குது. பைனான்ஸ் 2024 பிப்ரவரியில இதைப் பட்டியல்ல இருந்தே நீக்கிடுச்சு.

கரண்ட் ஃப்ரீயா கிடைச்சா?

"தோட்டத்து மோட்டார் லைன்ல போட்டா?"ன்னு அவன் கேட்கிறதுக்கு முன்னாடியே சித்தப்பா முறைச்சாரு. விவசாய மின்சாரம் இலவசம்தான், ஆனா பம்ப் செட்டுக்கு மட்டும். அனுமதிச்ச காரியத்தை விட்டு வேறெதுக்குப் பயன்படுத்தினாலும், 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 126-ன்படி இரு மடங்கு கட்டணம் போடலாம். பிரிவு 135-ல திருட்டு வழக்கும் வரலாம். அப்பா பேர்ல இருக்கிற இணைப்பு அது. மாட்டப்போறது அவரு.

ஒரு வாதத்துக்கு, கரண்ட் பைசா செலவில்லாம கிடைக்குதுன்னே வெச்சுக்குவோம். வரி போக ரெண்டு மாசத்துக்கு 1,410, மாசம் 705 ரூபாய். போட்ட 1,20,000 திரும்ப வர 170 மாசம், 14 வருஷத்துக்கு மேல. அதுவரைக்கும் அந்த கம்ப்யூட்டர் உயிரோட இருக்குமா?

காயின் விலை ரெட்டிப்பானா? மலை வீட்ல வரி, கரண்ட் எல்லாம் போக மாசம் 660 ரூபாய் நிக்கும். ஆனா விலை ஏறினா உலகம் பூரா இன்னும் பல பேர் மெஷினை ஆன் பண்ணுவாங்க. தினம் வர்ற 432 காயின் மாறாது, நம்ம பங்குதான் குறையும். போட்டியில சாதாரண ஆளுங்க மட்டும் இல்லை. 64 கோர், 256 எம்பி கேஷ் வெச்ச ஏஎம்டி எபிக் 7742 மாதிரி சர்வர் புராசசர்கள் இருக்கு. ரேண்டம்எக்ஸுக்குன்னே 2023-ல வந்த ஆன்ட்மைனர் எக்ஸ்5 இருக்கு: 2,12,000 ஹாஷ், 1,350 வாட். ஒரு வாட்டுக்கு நம்ம கம்ப்யூட்டரைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேலை.

இதையும் பாருங்க. அதே 1,20,000 ரூபாயை 6.5% வட்டிக்கு எஃப்டி போட்டா மாசம் 650 ரூபாய். சத்தம் இல்லை, சூடு இல்லை, அசலும் பத்திரமா இருக்கும். இவன் சம்பளத்துக்கு அந்த வட்டிக்கு வரியும் வராது.

அப்போ யாருக்குத்தான் லாபம்?

கரண்ட் பில்லை வேற யாரோ கட்டுறவங்களுக்கு, இல்லைன்னா கரண்டே சொந்தமா வெச்சிருக்கிறவங்களுக்கு. பூட்டான் அரசு தன்னோட நீர்மின்சாரத்தை வெச்சு பிட்காயின் மைனிங் பண்ணுது. அங்கயும் மலை, அங்கயும் குளிர். ஆனா அவங்க பலம் அணை, குளிர் இல்லை.

இன்னொரு கூட்டம் திருடங்க. 2018-ல திருப்பதி மாநகராட்சி உள்ளிட்ட ஆந்திர அரசு இணையதளங்கள்ல காயின்ஹைவ்ங்கிற மைனிங் நிரல் ஒளிஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. தளத்தைப் பார்க்க வந்தவங்க புராசசர் மோனேரோ தோண்டும், கரண்ட் பில் அவங்களுக்கு, காயின் திருடனுக்கு. ஆபீஸ் லேப்டாப்ல மைனிங் ஓட்டலாமான்னு கேட்கிறவங்களே, நீங்க செய்யப்போறதும் இதேதான். ஐடி டீம் கண்டுபிடிச்சா போறது வேலை.

மூணாவது, 'நீங்க மெஷின் வாங்க வேணாம், பணம் மட்டும் போடுங்க, நாங்க மைனிங் பண்றோம்'னு வர்ற ஆப்கள். கெயின்பிட்காயின் திட்டத்துல மாசம் 10% வீதம் 18 மாசம் தர்றதா சொன்னாங்க. அதை நடத்தின அமித் பரத்வாஜ் 2018-ல கைதானாரு, வழக்கு இப்போ சிபிஐ கையில. எச்பிஇசட் டோக்கன் ஆப்ல 57,000 ரூபாய் போட்டா மூணு மாசம் தினம் 4,000 ரூபாய்னு ஆசை காட்டினதா அமலாக்கத்துறை சொல்லுது. 57,000 போட்டு 3,60,000 வருமாம். 1,20,000 ரூபாய் நிஜ மெஷின் ஒரு நாளைக்கு 35 ரூபாய்கூட சம்பாதிக்கலைன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு எண் போதும், இந்த மாதிரி ஆப்பை அடையாளம் காண.

நீங்க என்ன பண்ணலாம்?

மைனிங்குக்கு நம்ம நாட்டுல தடை இல்லை. ஆர்வத்துக்குக் கத்துக்க நினைச்சா, இருக்கிற சொந்த கம்ப்யூட்டர்ல ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அதுக்குன்னு புதுசா வாங்க வேணாம், முக்கியமா ஈஎம்ஐல வாங்கவே வேணாம். யாராவது மைனிங் லாபம்னு சொன்னா மூணே எண் கேளுங்க: சுவர்ல இருந்து எத்தனை வாட்? எந்த ஸ்லாப் ரேட்? 31.2% போனபிறகு எவ்வளவு? மூணுக்கும் பதில் இல்லைன்னா அங்க கணக்கே இல்லை.

பையன் நோட்டை மூடிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அப்போ நான் படிச்ச கேஷ், த்ரெட் எல்லாம் வேஸ்டாக்கா?" இல்லவே இல்லை. நாளைக்கு வேலைக்கோ படிப்புக்கோ கம்ப்யூட்டர் வாங்கும்போது, 5600-க்கும் 5600ஜி-க்கும் வித்தியாசம் தெரிஞ்சு வாங்குவான். அந்த அறிவை அவன் வேலையில காட்டினா அடுத்த இன்கிரிமென்ட்ல மாசம் 705 ரூபாய்க்கு மேலேயே வரும்.

ஆர்டி இன்னும் ஓடிட்டு இருக்கு. போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். கரியாலூர் படகுத்துறை, நல்ல பனி. "மலைக்கு வந்திருக்கேன்கா. கம்ப்யூட்டர் இல்லாம."

உங்க புராசசர் மாடல், உங்க வீட்டு ரெண்டு மாச யூனிட், ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் சில பேரோட கணக்கை நேரா போட்டுக் காட்டுறேன்.